கீழே ஓடும் தமிழ்

ஃபேரர் பார்க்
9 மார்ச் 2025

‘நிதீஷ் வாசிக்கிறான்’ சேனலை நடத்துகிறவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. சேனலில் போட்டிருந்த மின்னஞ்சல் முகவரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்விதான்: எல்லாம் எங்கே போயிற்று?

நேற்று வேலை முடிந்து சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறியதும் வழக்கம்போல உங்கள் பக்கத்தைத் திறந்தேன். ஒரு காணொளிகூட இல்லை. ஒவ்வொன்றின் இடத்திலும் கறுப்புக் கட்டம். ‘பதிப்புரிமை உரிமையாளரின் கோரிக்கையால் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி. கைத்தொலைபேசிதான் கெட்டுவிட்டதோ என்று அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தெம்பனிஸ் தாண்டியும் அதையே செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அதோடு காது போய்விட்டது. பேசுவேன், எழுதுவேன், சாங்கியில் சரக்கு விமானப் பிரிவில் ஆவணங்கள் சரிபார்க்கிற வேலை செய்கிறேன். கேட்காது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரவானால் எங்கள் வீட்டில் எல்லோரும் ‘லிஃப்ட் நிற்காத மாடி’ பார்ப்பார்கள். நிலா தொலைக்காட்சி ஒளிவழியின் அந்த நகைச்சுவை நாடகத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் உண்டா? கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும்தான். ஆனால் ஒரு நிமிடம் மூச்சு விடாமல் திட்டுவார்கள், கீழே மூன்றே ஆங்கிலச் சொல் வரும். வீடே குலுங்கிச் சிரிக்கும். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பேன். “என்னது?” என்று கேட்டால், “அப்புறம் சொல்றேன்” என்பார்கள்.

போன வருடம்தான் உங்கள் துண்டுக் காணொளிகள் கண்ணில் பட்டன. ஐந்தைந்து நிமிடக் காட்சி, கீழே முழு வசனமும் தமிழில்! நாடகத்தில் அந்தச் சரோஜா, சொட்டும் துணிக்காக மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடுவாளே: “உங்க வேட்டியிலிருந்து சொட்டுற தண்ணியில எங்க செடிக்கே சளி பிடிச்சுப் போச்சு!” “செடிக்குக் கஷாயம் ஊத்துங்க.” “செடிக்கு ஏதுய்யா வாய்?” “உங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே, ஒண்ணைக் கொடுங்களேன்!” இதை முதல்முறை படித்தபோது ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அதே காட்சியை என் கணவர் ஹுசைன் எனக்கு எப்படிச் சொன்னார் தெரியுமா? “துணி காயலையாம்.”

தயவுசெய்து திரும்பப் போடுங்கள். அல்லது எங்கே போட்டிருக்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

உங்கள் பெயர் தெரியாத ரசிகை,
ஷமீமா


தெம்பனிஸ்
10 மார்ச் 2025

அன்புள்ள ஷமீமா அவர்களுக்கு,

என் பெயர் சுஷ்மிதா. பெண்தான்! உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். மறுபடியும் படித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதனால் என்ன, இப்படி ஒரு கடிதம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

உண்மையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தக் காணொளிகளை நான் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் செய்தேன். என் மகன் நிதீஷ், வயது பத்து. தமிழ் பேசுவான், ஆனால் படி என்றால் வயிற்றுவலி வந்துவிடும். கார்ட்டூன் காட்டினேன், கதைப்புத்தகம் வாங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ‘லிஃப்ட் நிற்காத மாடி’ என்றால் மட்டும் உயிர். சரி, அவனுக்குக் காட்டும்போது மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுக் கீழே எழுத்தைப் போட்டால் படித்துத்தானே ஆகவேண்டும்? தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்வேன், வெட்டுவேன், உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகத் தட்டச்சு செய்வேன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. நோயாளி இல்லாத நேரத்தில் அங்கேயும் செய்திருக்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவன் படிக்க ஆரம்பித்துவிட்டான்! சரி, மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டுமே என்று இணையத்தில் போட்டேன். காது கேட்காத ஒருவர் அதைப் பார்ப்பார் என்று ஒரு நொடிகூட நினைத்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது கெட்ட செய்தி. நிலா ஒளிவழி புகார் கொடுத்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. மறுபடி போட்டால் சேனலையே மூடிவிடுவார்களாம். என் கணவர் வெங்கட், “வேணாம் சுஷி, அவங்க பொருள் அது, நாம கேக்காம எடுத்தோம்லா” என்கிறார். அவர் சொல்வது தப்பில்லை. நாடகம் அவர்களுடையது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கடிதத்தை அப்படியே அவர்களுக்கு அனுப்பலாமா? உங்கள் பெயரோடு? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

பரபரப்போடு,
சுஷ்மிதா


ஃபேரர் பார்க்
10 மார்ச் 2025

அன்புள்ள சுஷ்மிதா,

சரி! சரி! சரி!

என் பெயர், வேலை, எது வேண்டுமானாலும் போடுங்கள். ஹுசைன் துணி காயவில்லை என்று சொன்னதையும் சேர்த்தே அனுப்புங்கள். அவரிடம் கேட்டுவிட்டேன். “ஊரே சிரிக்கப் போகுது” என்று முகத்தை மூடிக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காது கேட்காத தமிழர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அங்கே உங்கள் கதையைப் போட்டேன். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. உட்லண்ட்ஸிலிருந்து பாலகிருஷ்ணன் என்ற ஐயா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அவரும் உங்கள் காணொளிதான் பார்ப்பாராம்! ஆளாளுக்கு நிலையத்துக்கு எழுதுகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் சொன்னேன், திட்டி எழுதாதீர்கள், திருடினோம் என்று அவர்கள் சொன்னால் நம்மிடம் பதில் இல்லை, நமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள் என்று.

நிதீஷுக்கு என் சலாம். அவனுக்காகச் செய்த சாப்பாட்டை நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுத் தின்றிருக்கிறோம்.

அன்புடன்,
ஷமீமா அக்கா
(என்னைவிட நீங்கள் சின்னவர் என்று நினைக்கிறேன். எனக்கு நாற்பத்திரண்டு.)


தெம்பனிஸ்
21 மார்ச் 2025

அன்புள்ள ஷமீமா அக்கா,

கூப்பிட்டுவிட்டார்கள்! நம் இருவரையும்! நேரில்!

நிலையத்தில் உரிமைப் பிரிவுக்குத் தலைவர் சிதம்பரம் என்பவர். இன்று மதியம் மருத்துவமனைக்கே அழைத்தார். ஒருவர் வாயில் பஞ்சோடு காத்திருக்க, நான் போனோடு கழிப்பறைக்கு ஓடினேன். அவர் குரலில் சிரிப்பே இல்லை. “உங்க காணொளி ஒண்ணை எடுத்துட்டு வாங்க, அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க” என்றார். “சார், கேஸ் போடுவீங்களா?” என்று கேட்டே விட்டேன். “கேஸ் போடறதுன்னா கோப்பி குடிக்க ஏன்மா கூப்பிடறேன்?” என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

வரும் வியாழன் மாலை. நீங்கள் விடுப்பு எடுக்க முடியுமா? நான் எப்படிப் பேசினால் உங்களுக்குப் புரியும்? மெதுவாகவா, சத்தமாகவா? தெரியாமல் ஏதாவது தப்பாகச் செய்துவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. எந்தக் காட்சியைக் கொண்டு போகட்டும்? உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

உங்கள்,
சுஷ்மிதா


ஃபேரர் பார்க்
21 மார்ச் 2025

அன்புள்ள சுஷ்மிதா,

விடுப்பு எடுத்துவிட்டேன். எதற்கு என்று மேலாளர் கேட்டார். “தொலைக்காட்சி நிலையத்தில் சந்திப்பு” என்றேன். அதன் பிறகு அலுவலகத்தில் எனக்கு ராணி மரியாதை.

கத்த வேண்டாம், கத்தினால் உதடு கோணிப்போகும். என் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகப் பேசுங்கள். மற்றவர்கள் பேசுவதற்கு என் கைத்தொலைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. மேசையில் வைத்தால் கேட்பதையெல்லாம் எழுத்தாக்கும். பாதி உளறும். நேற்று எங்கள் மாமி, ஹுசைனின் அம்மா, பேசியதை வைத்துப் பார்த்தேன், ‘ரசம்’ என்றதை ‘ராஜ்யம்’ என்று எழுதிற்று.

காட்சியா? கதவு தட்டும் காட்சிதான். குப்புராஜ் தட்டித் தட்டிக் கை வீங்கி, “உள்ளே என்ன, தூங்குமூஞ்சிப் பிணமா உட்கார்ந்திருக்கு?” என்று கேட்பாரே! அந்த வசனம் எங்கள் வீட்டில் என் சொத்து. காலையில் மகளை எழுப்ப அதைத்தான் சொல்கிறேன்.

வியாழன் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஷமீமா அக்கா


ஃபேரர் பார்க்
30 மார்ச் 2025

சுஷ்மிதாவுக்கு,

வியாழன் மாலை அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வந்ததும் நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தீர்கள். நான் குதிக்கவில்லை. தலை வலிக்கிறது என்றேன். தலைவலி இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசிய விதம் எனக்குப் பெருமையாக இருந்தது. “எங்க நடிகர்களோட உழைப்பு லா, முழு நாடகத்தையும் எடுத்துப் போட்டு விளம்பரத்துல சம்பாதிக்கிற கூட்டம் இருக்கு, அதை நாங்க விட முடியாது. அதுல உங்களதும் மாட்டிக்கிச்சு” என்று சிதம்பரம் சொன்னபோது, நீங்கள் சண்டைக்கு நிற்காமல், “சரி சார், நீக்கினது நீக்கினதா இருக்கட்டும். நீங்களே எழுத்துப் போடுங்க” என்றீர்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான்கு வாரம் ஒளிபரப்பிலேயே தமிழ் எழுத்து, நீங்களே எழுதித் தர வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் உங்கள் காணொளியைப் பெரிய திரையில் போட்டார். கதவு தட்டும் காட்சி. என் கைத்தொலைபேசி மேசையில்தான் இருந்தது, செயலி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் உங்கள் எழுத்து: ‘தூங்குமூஞ்சிப் பிணமா உட்கார்ந்திருக்கு?’ என் கையடியில் செயலி எழுதியது: ‘செவிட்டுப் பிணமா உக்காந்திருக்கு?’

உளறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குப்புராஜின் உதட்டைப் பார்த்தேன். இத்தனை நாளும் எழுத்தை நம்பி உதட்டைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உளறவில்லை.

சுஷ்மிதா, அந்தக் காட்சி முதலில் வந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்தினார்கள். “என்னது?” என்றேன். ஹுசைன், “ஒண்ணுமில்ல” என்றார். பிறகு உங்கள் காணொளியில் பார்த்தேன். அட, தூங்குமூஞ்சி, இவ்வளவுதானா என்று சிரித்தேன். அதை அலுவலகத்தில் நடித்துக் காட்டினேன். தினமும் காலையில் மகளிடம் சொன்னேன். மகள் என் முகத்தையே பார்ப்பாள், ஹுசைன் தட்டைப் பார்ப்பார். இப்போதுதான் புரிகிறது.

செவிடு என்ற சொல் எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் வந்த சொல்தான். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதே, அது போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு. உங்கள் எழுத்து வந்தபிறகு அது முடிந்தது என்று நினைத்தேன்.

வேறு எதையெல்லாம் மாற்றினீர்கள்? எனக்குப் பிடித்த வசனங்களில் எது குப்புராஜுடையது, எது உங்களுடையது?

ஷமீமா


தெம்பனிஸ்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷமீமா அக்கா,

கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

கெட்ட வார்த்தைகளை மாற்றினேன். உடம்பைச் சொல்லித் திட்டுவதை மாற்றினேன். மாமியாரும் மருமகளும் போடும் பெரிய சண்டையில் பாதியை விட்டுவிட்டேன். செடிக்குச் சளி பிடித்தது சத்தியமாக அவர்கள் வசனம், ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை. நிதீஷ் எந்தச் சொல்லைப் படித்தாலும் மறுநாள் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போவான். அந்தப் பயத்தில்தான் செய்தேன். ஆனால் மார்ச்சில் உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முழு வசனமும் என்று நீங்கள் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அந்தப் புகழை விட மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

இன்று காலை சிதம்பரம் சாரை அழைத்தேன். இனி எழுதுவதாக இருந்தால் நடிகர் சொல்வதை அப்படியே எழுதுவேன் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “வேணாம்மா. நீங்க மாத்தினதுதான் நாகரிகமா இருக்கு. அப்படியே செய்யுங்க. காது கேக்காதவங்க மனசு புண்படக் கூடாதில்ல?”

அக்கா, எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. “சார், கேக்கிறவங்க மனசு புண்பட்டா பரவாயில்லையா? அந்த வசனம் தப்புன்னா நாடகத்துலேர்ந்தே எடுங்க. நாடகத்துல இருந்தா கீழேயும் இருக்கணும்” என்றேன். “அப்படின்னா யோசிக்கணும்” என்றார். “யோசிங்க சார். மாத்தி எழுத வேற ஆளைப் பாருங்க” என்று வைத்துவிட்டேன். மேசை எதிரே உட்கார்ந்திருந்த நோயாளி எழுந்து கை தட்டினார்!

எழுத்துப் போடும் வேலை போயிற்று என்று நினைக்கிறேன். வெங்கட்டிடம் சொன்னேன், “சரியாத்தான் சொல்லியிருக்க” என்றார்.

நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

சுஷ்மிதா


தெம்பனிஸ்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷமீமா அக்கா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சம்மதித்துவிட்டார்கள்! நாடகத்தின் இயக்குநர் வர்ஷா என்ற பெண்ணிடம் சிதம்பரம் சார் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வர்ஷா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை நேரில் அழைத்தார். “நாங்க எழுதினதை நாங்களே எழுத்துல பார்த்தாத்தான் எங்களுக்கே உறைக்கும், அப்படியே போடுங்க” என்றார். வெள்ளி இரவு எட்டரை. ஒளிபரப்பிலேயே, கீழே, தமிழில்! ராப்பகலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லையும் நான் தொடவில்லை. இந்த வாரம் சரோஜா பேசும் பேச்சைத் தட்டச்சு செய்யும்போது என் காது சிவந்துவிட்டது. நிதீஷை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் எழுதினேன்.

பாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. வெள்ளி இரவு எட்டரை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சுஷ்மிதா


ஃபேரர் பார்க்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள சுஷ்மிதா,

பதில் எழுதாமல் இருந்தது உங்கள் மேல் இருந்த கோபத்தால் மட்டும் இல்லை. முதலில் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது இருந்தது. ஹுசைனிடம் கேட்டேன். அழுதுவிட்டார். “உனக்கு வலிக்கும்னுதான் சொல்லலை” என்றார். “எனக்கு வலிக்கணுமா வேணாமான்னு நான் முடிவு பண்றேன்” என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் தேக்கா சந்தையிலிருந்து எனக்குப் பிடித்த மீன் வந்தது. பிறகு பேசினோம்.

நேற்று இரவு எட்டரைக்கு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். முதல் வரி ஓடியதும் ஹுசைன் எழுந்து நின்றுவிட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரோஜா வாயைத் திறந்தாள் பாருங்கள்! யா அல்லாஹ்! இவ்வளவு மோசமாகவா பேசுவாள் அவள்? நான் அவளை ஒரு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! மாமியாரைப் பார்த்து அவள் கேட்ட அந்தக் கேள்வியை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள், உங்கள் தைரியம். ஹுசைன் பதறித் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுக்கப் போனார். “வைங்க, படிச்சிட்டிருக்கேன்!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம். மகள் சொன்னாள்.

எனக்கு எல்லாமே பிடித்துவிடவில்லை, சுஷ்மிதா. சில வசனங்கள் மட்டம். ஒன்றிரண்டு இடத்தில் கோபம்கூட வந்தது. வர்ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன், கடுமையாகவே எழுதுவேன். எனக்கு எது பிடிக்கவில்லை என்று சொல்ல இப்போதாவது முடிகிறதே!

ஆனால் நான் எழுத வந்தது வேறு. எங்கள் மாமியைப் பற்றி. எழுபது வயது. எப்போதும் பின்னால் உள்ள நாற்காலியில்தான் உட்காருவார். நேற்றுப் பாதி நாடகத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில், திரைக்கு மிக அருகில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்! ஒரு நகைச்சுவைக்கு நானும் மாமியும் ஒன்றாகச் சிரித்தோம். ஹுசைனும் மகளும் விளம்பரம் வந்ததும் சமையலறைக்குப் போனார்கள். மாமி என் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் உதட்டைப் படிக்க வசதியாக நிதானமாகச் சொன்னார்:

“எனக்கும் ரெண்டு மூணு வருஷமா சரியாக் கேக்கலடி. அவன்கிட்ட சொல்லிராத. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருவான்.”

எவ்வளவு நாள் நாங்கள் இருவரும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக ஏமாந்திருக்கிறோம்! நான் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. திங்கட்கிழமை நானே மாமியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். மாமிக்குக் கோபம் வரட்டும்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறதாம், வரி சீக்கிரம் ஓடிவிடுகிறதாம், மாமி உங்களிடம் சொல்லச் சொன்னார். அடுத்த வெள்ளிக்குள் சிதம்பரத்திடம் பேசிப் பெரிதாக்க வையுங்கள். மாற்றிவிட்டு வெங்கட்டையும் நிதீஷையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே வந்ததும் செய்தி அனுப்புங்கள், மகள் இறங்கி வந்து மேலே கூட்டி வருவாள். நிதீஷ் படிக்கக் கூடாத வரிகள் வந்தால் நான் அவன் கண்ணைப் பொத்திவிடுகிறேன். காதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மாறாத,
ஷமீமா அக்கா